நைனார் வீட்டு மடை

தர்மவதி தண்ணீர் வடிகட்டின துணியைத் திருப்பி வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். எதுவும் நெளியவில்லை.

கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்ததிலிருந்து கழனிக் கிணற்றில்தான் அவள் குடிதண்ணீர் சேந்துகிறாள். குடத்தின் வாயில் வெள்ளைத் துணியை இரண்டாக மடித்துக் கட்டி அதன்மேல் தண்ணீரைச் சாய்ப்பாள். தண்ணீர் இறங்கினதும் துணியில் ஏதாவது துடிக்கும். எள்ளுப் பருமனில் வெள்ளையாக ஒன்று தத்தும், நூல் துண்டு மாதிரி சிவப்பாக ஒன்று வளையும். அவற்றுக்கு என்ன பேர் என்று அவளுக்குத் தெரியாது. உயிர் என்று தெரியும், அது போதும். வடிகட்டின தண்ணீரிலேயே துணியை அலசிச் சின்ன வாளியில் விட்டுக் கிணற்றுக்குள் இறக்குவாள். மேலேயிருந்து கொட்டினால் விழுகிற வேகத்திலேயே அவை செத்துவிடும் என்று வாளியின் அடியில் ஒரு வளையம், அதில் தனியாக ஒரு கயிறு. வாளி தண்ணீரைத் தொட்ட பிறகு அந்தக் கயிற்றைச் சுண்டினால் மெல்லக் கவிழும். எந்தத் தண்ணீரில் பிறந்ததோ அதிலேயே போய்ச் சேர வேண்டும் என்பது கணக்கு. முன்பெல்லாம் நைனார் என்று ஊர் கூப்பிடுகிற ஜைன வீடுகளில் எல்லோரும் இப்படித்தான் செய்தார்கள். மோட்டாரும் குழாயும் வந்த பிறகு மற்ற நைனார் வீடுகளில் குழாய் முனையில் ஒரு துண்டுத் துணியைக் கட்டுவதோடு கடமையை முடித்துக்கொண்டார்கள். தர்மவதி மட்டும் கயிற்றை விடவில்லை.

இன்றைக்கும் துணியில் எல்லாம் இருந்தன. வெள்ளையும் இருந்தது, சிவப்பும் இருந்தது. அசையத்தான் இல்லை. மெதுவாக ஊதிப் பார்த்தாள். ஈர விரலால் தொட்டுப் பார்த்தாள். விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது, அவ்வளவுதான். செத்ததைக் கிணற்றில் விடுவதா மண்ணில் போடுவதா என்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான் அந்த நாற்றம் மூக்கில் ஏறியது. அழுகின பூண்டையும் மண்ணெண்ணெயையும் சேர்த்துக் கலக்கின மாதிரி ஒரு நாற்றம். கிணற்று மேடையின் சிமெண்டில் பால் சிந்திக் காய்ந்ததுபோல வெள்ளைக் கோடுகள் ஓடி, கிணற்றின் விளிம்பு வரைக்கும் போயிருந்தன. நேற்றுச் சாயங்காலம் கழனிக்குப் பூச்சிமருந்து அடிக்க வந்த கூலியாள் துரைக்கண்ணு இங்கேதான் மருந்து கலக்கினான். டேங்கையும் பக்கெட்டையும் இங்கேதான் கழுவியிருப்பான். வேறே எங்கே கழுவுவான், இதுதானே வாகான இடம்.

அப்போதுதான் கீழே குளத்துப் பக்கமிருந்து ஜெஸிமாவின் குரல் கேட்டது. அழுகையா கூப்பாடா என்று பிரித்துச் சொல்ல முடியாத குரல். தர்மவதி குடத்தை அப்படியே வைத்துவிட்டு வரப்பில் ஓடினாள்.

அந்த ஊர்க் கழனிகள் படிக்கட்டு மாதிரி மேலிருந்து கீழே இறங்குகின்றன. மேல்கழனித் தண்ணீர் மடை வழியாகக் கீழ்க்கழனிக்கு வரும், அங்கிருந்து அடுத்ததற்கு. எல்லாவற்றுக்கும் கடைசியில் இருப்பது தர்மவதியின் புருஷன் அப்பாண்டைராஜ் நைனாரின் கழனி. அதற்கும் கீழே, பெரிய பாறைக் குன்றின் காலடியில், பாறையடிக் குளம். ஆடு மாடு தண்ணீர் குடிக்கிற குளம். அதில் மீன் வளர்க்கிற குத்தகையை அமீர் ஜானும் அவன் பெண்டாட்டி ஜெஸிமாவும் எடுத்திருந்தார்கள். செஞ்சியிலிருந்து தினமும் காலையும் சாயங்காலமும் டிவிஎஸ்ஸில் வந்து தவிடும் புண்ணாக்கும் போட்டுவிட்டுப் போவார்கள். ஜெஸிமா கரையில் நின்று தகரத்தைத் தட்டினால் மீன்கள் கும்பலாக மேலே வந்து வாயைப் பிளக்கும். மீனே தின்னாத தர்மவதிக்கு அதை வேடிக்கை பார்ப்பதில் ஒரு சந்தோஷம் இருந்தது. பாதி நாள் வரப்பில் நின்று அந்தக் கூத்தைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள்.

இப்போது குளம் வெள்ளையாக இருந்தது. கட்லாவும் ரோகுவும் வயிறு மேலே தெரிய ஒன்றையொன்று இடித்துக்கொண்டு மிதந்தன. உயிர் போகாத ஒன்றிரண்டு தலை சுற்றினதுபோல ஓரிடத்திலேயே வட்டம் போட்டன. மீனோடு நின்றிருந்தால்கூட ஏதோ என்று விட்டிருக்கலாம். கரையோரம் நத்தைகள் ஓட்டுக்கு வெளியே தொங்கிக் கிடந்தன. தவளைகள் பின்னங்காலை நீட்டி விறைத்திருந்தன. தலைப்பிரட்டைகள் கறுப்பு மிளகைக் கொட்டின மாதிரி ஒரு மூலையில் ஒதுங்கியிருந்தன. தண்ணீர்மேல் ஓடித் திரிகிற நீண்ட கால் பூச்சிகள்கூட ஒன்றும் இல்லை. அமீர் ஜான் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நின்று வலையால் வாரி வாரிக் கரையில் போட்டுக்கொண்டிருந்தான். 

"அக்கா, நேத்து சாயங்காலம் தீனி போட்டப்ப எப்டித் துள்ளிச்சு தெரிமா அக்கா" என்று ஜெஸிமா ஓடிவந்து தர்மவதியின் கையைப் பிடித்தாள். அவள் கையெல்லாம் செதிலாக இருந்தது. வேறொரு நாளாயிருந்தால் தர்மவதி கையை இழுத்துக்கொண்டிருப்பாள். இன்றைக்கு இழுக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஊர் கூடிவிட்டது. கூட்டம் என்றால் ஆளுக்கு ஒரு காரணம் கண்டுபிடிக்காமல் கலையாதே. மேல்கழனிக்காரர் இளையபெருமாள்தான் ஆரம்பித்தார். குளத்து ஏலத்தை நடத்துவதும் அவர்தான், ஊரில் நாலு பேர் கேட்கிற பேச்சும் அவருடையதுதான்.

"பாய், நெஜத்தச் சொல்லு. கோழிக்கழிவு கொட்னியா?"

"அல்லா மேல சத்தியமா இல்லீங்க. தவுடு, புண்ணாக்கு, அவ்ளோதான்" என்றான் அமீர் ஜான்.

"அப்ப எப்டிச் செத்துது?"

இதைக் கேட்டவர் கழனியில் முந்தின வாரம்தான் மருந்து அடித்திருந்தார்கள். அதற்கும் இதற்கும் முடிச்சுப் போட அங்கே ஒரு வாயும் திறக்கவில்லை. கோழிக்கழிவு என்கிற வார்த்தை மட்டும் கை மாறிக் கை மாறிப் போய், கூட்டத்தின் கடைசிக்குப் போய்ச் சேருவதற்குள் "மூட்டை மூட்டையாகக் கொட்டினார்களாம், வண்டியைப் பார்த்தவர்கள் இருக்கிறார்களாம்" என்று வளர்ந்துவிட்டது. மத்தியானம் ஒரு அதிகாரி வந்தார். ஜீப்பிலிருந்து இறங்கினார், கரையில் கர்ச்சீப்பை மூக்கில் வைத்துக்கொண்டு நின்றார். புரட்டாசிப் புழுக்கத்தில் தண்ணீரில் காற்று குறைந்துவிட்டது, மீனும் அதிகம் விட்டிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு ஒரு பாட்டிலில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனார். அந்தப் பாட்டில் எங்கே போயிற்று என்று இதுவரைக்கும் யாருக்கும் தெரியாது.

தர்மவதி அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்தது தன் கழனி மடையை. வரப்பின் கீழே, மடை வாயில், விரல் பருமனுக்குத் தண்ணீர் இன்னும் ஒழுகிக்கொண்டிருந்தது. லேசாகப் பால் கலந்த நிறம். அந்தத் தண்ணீர் வாய்க்காலில் ஓடி நேராகக் குளத்தில் விழுந்தது. அவள் புருஷன் அப்பாண்டைராஜ் குளித்து, நெற்றியில் சந்தனத்தோடு, வெள்ளை வேட்டியில் வரப்பில் வந்து நின்றார். வெயில் வெயில் என்று அவரும் சொன்னார். சொல்லிக்கொண்டே, ஏதோ சும்மா நிற்கிறவர் மாதிரி, கால் கட்டைவிரலால் ஒரு மண்ணாங்கட்டியை உருட்டி மடைக்குள் தள்ளினார். இன்னொன்றையும் தள்ளிப் பாதத்தால் அழுத்தினார். ஒழுகல் நின்றது. நிமிர்ந்தபோது பெண்டாட்டி தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டார். உடனே வானத்தைப் பார்த்தார்.

இந்த மனிதரைப் பற்றி ஊரில் ஒரு சொல் குறைவாகச் சொல்லமாட்டார்கள். வீட்டில் தேன் வாங்கமாட்டார், ஒரு துளித் தேனில் எத்தனை உயிர் என்பார். அத்திப்பழத்தைத் தொடமாட்டார். அஷ்டமியும் சதுர்த்தசியும் வந்தால் கழனியில் ஒரு புல்லைப் பிடுங்கமாட்டார். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுவார், விளக்கு வெளிச்சத்தில் பூச்சி சோற்றில் விழுந்துவிடக்கூடாது என்பதற்காக. மருந்தடிக்கிற டேங்கை இதுநாள் வரைக்கும் அவர் தோளில் மாட்டினதே கிடையாது. அதற்குத் துரைக்கண்ணு இருக்கிறான். இவர் உள்ளே உட்கார்ந்து பூச்சிக்குப் பயந்து பகலிலேயே சாப்பிடுகிற அதே நேரத்தில் அவன் கழனியில் பூச்சியை அடித்துக்கொண்டிருப்பான். இருபது வருஷத்துக்கு மேலாகத் தட்டில் சோறு போட்டவள் தர்மவதிதான். ஒருநாள்கூட இதைச் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லையே என்று நினைத்தபோது அவளுக்குத் தன்மேலேயே கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் துரைக்கண்ணு வீட்டுக்குப் போனாள். அவன் பெண்டாட்டி மங்கை வாசலிலேயே நின்றாள், உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. துரைக்கண்ணு பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தான். கண்ணிலிருந்தும் மூக்கிலிருந்தும் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது.

"ராத்திரிலேர்ந்து இதான் கோலம். தின்னதெல்லாம் வாந்தி எடுத்துட்டாரு. ஆஸ்பத்திரில ஊசி போட்டாங்க" என்றாள் மங்கை. "நைனாரு ஒரு எட்டு வந்து பாத்தாரா?"

 துரைக்கண்ணு தலையை மட்டும் தூக்கினான்.

"ரெண்டு மருந்து ஒண்ணா கலக்கச் சொன்னாருமா. நான் வேணாம்னுதான் சொன்னேன். ஐயா, இப்டி அடிச்சதே இல்லியேன்னேன். கேக்கல."

"மடை?"

"மடைய நான் அடைச்சிட்டுத்தாம்மா அடிச்சேன். அடைச்சபடிதான் உட்டுட்டு வந்தேன். கெணத்தாண்ட கழுவுனது நான்தான், அது தப்புதான். மடைய நான் தொடல."

அவள் வீட்டுக்குத் திரும்பினபோது அப்பாண்டைராஜ் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. சோறும் பீர்க்கங்காய்க் கூட்டும் போட்டாள். ரசத்தை ஊற்றிவிட்டு எதிரிலேயே உட்கார்ந்தாள். சாதாரணமாக அவர் சாப்பிடும்போது உட்காருகிறவள் இல்லை.

"ரெண்டு மருந்த எதுக்குக் கலக்கச் சொன்னீங்க?"

"புகையான் பூச்சி வந்து பயிர திட்டுத் திட்டா கருக்கிடுச்சி. நீயே பாத்தியே."

"மொதல்ல தெரிஞ்சப்பவே அடிச்சிருந்தா ஒரு மருந்து போதும்னு கடைக்காரன் சொன்னான் இல்ல?"

"மறுநா சதுர்த்தசி. எப்டி அடிக்கறது? அப்புறம் தொரைக்கண்ணு மண்டகப்பட்டுக்கு சாமி கும்புடப் போய்ட்டான். வந்து பாத்தா கால்வாசிக் கழனி போச்சு. டபுளா போடுங்கன்னு கடைக்காரன் குடுத்தான்." அவர் இதைச் சொன்ன விதத்தில் ஒரு குற்றமும் இல்லை. மழை வரலை, அதனால் விதைக்கலை என்கிற மாதிரிச் சொன்னார். சதுர்த்தசியில் உயிர் போகக்கூடாது என்று தள்ளிவைத்து, அதனால் இரண்டு மடங்கு விஷம் ஊற்ற வேண்டிவந்தது என்பதில் அவருக்கு எந்த முரணும் தெரியவில்லை. நாள் பார்த்தாயிற்று, அடித்தது துரைக்கண்ணு. தன் வீட்டுக் கணக்கு சுத்தம்.

"நானா அடிச்சேன், தர்மா?" என்றார்.

தர்மவதிக்குச் சுருக்கென்றது. செய்வதும், செய்ய வைப்பதும், செய்கிறவனைப் பார்த்துத் தலையாட்டுவதும் மூன்றும் ஒரே பாவம் என்று சின்ன வயதில் தொண்டூரில் அவள் அப்பா சொல்லிக்கொடுத்திருந்தார். இந்த மனிதருக்கும் அவர் வீட்டில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். கோயிலில் சாஸ்திரத்துக்கு அர்த்தம் கேட்டால் எல்லோருக்கும் முன்னால் எடுத்துச் சொல்கிறவரும் இவர்தான். கழனி வரப்பில் கால் வைக்கிற வரைக்கும்தான் அந்த ஞாபகம் போலிருக்கிறது.

"அது இருக்கட்டும். மடைய யாரு தொறந்தது?"

அவர் கை தட்டிலேயே நின்றது.

"தண்ணி நின்னா மருந்து அடித்தூர்ல எறங்காதுன்னு கடைக்காரன் போன்ல சொன்னான்."

"அடிக்கறதுக்கு முன்னாடி வடிக்கச் சொன்னானா, அடிச்ச பின்னாடியா?"

 அவர் தட்டைத் தள்ளிவிட்டுக் கை கழுவ எழுந்தார். பாதிச் சோறு அப்படியே இருந்தது. கழுவின கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஊர்ல எல்லாரும்தான் அடிக்கறான். நான் மட்டும் கையக் கட்டிகினு இருந்தா அத்தனை பூச்சியும் நம்ம கழனிக்குத்தான் வரும். போன வருஷம் கதிர் வர்ற நேரத்துல போச்சே, மறந்துட்டியா? வூட்ல சோறு வேணுமா வேணாமா?" அந்தப் பேச்சில் உண்மை இல்லாமல் இல்லை. போன வருஷம் விதைநெல்கூடத் தேறவில்லை, அவர் கழனியைப் பார்த்து உட்கார்ந்து அழுததை அவள்தான் பார்த்தாள். மடையைத் திறந்தது தப்புதான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானும் இரக்கப்பட்டிருப்பேனே என்று நினைத்தாள். ஆனால் அவர் மடையைப் பற்றி அதற்கப்புறம் வாய் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பால் சொசைட்டித் தாழ்வாரத்தில் கூட்டம் போட்டார்கள். குளம் கெட்டுப்போனதற்கு என்ன செய்வது என்று பேச. அதாவது, குத்தகையைப் பிடுங்குவது என்று பேச. இளையபெருமாள் நாற்காலியில், மற்றவர்கள் தரையிலும் திட்டிலும். அமீர் ஜான் தூணோரம் நின்றான். பெண்கள் பால் கேன்களுக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்றார்கள். அங்கேதான் ஜெஸிமா, அங்கேதான் தர்மவதி. கோழிக்கழிவைப் பற்றி ஒரு சுற்று வந்தது. குளத்துத் தண்ணீர் குடித்த மாட்டுக்கு வயிறு கெட்டதைப் பற்றி ஒரு சுற்று. பாயை ஏமாற்றுக்காரன் என்று யாரும் நேராகச் சொல்லவில்லை, "வெளியூர்க்காரங்களுக்கு நம்ம கொளத்து மேல இன்னா அக்கற இருக்கப் போவுது" என்றார்கள். செஞ்சிக்கும் இந்த ஊருக்கும் நடுவில் கடல் இருக்கிற மாதிரி. தலைமுறை தலைமுறையாகக் கோட்டைக்கு அடியில் குடியிருக்கிற குடும்பம் வெளியூராம். கடைசியில் இளையபெருமாள், நைனாரு ஒரு வார்த்தை சொல்லட்டும், அவர் சொன்னா சரியா இருக்கும் என்றார்.

அப்பாண்டைராஜ் எழுந்தார். தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"யாரையும் குத்தம் சொல்றதுக்கு இல்ல. பாய் நல்ல மனுஷன். ஆனா ஒண்ணு நெனச்சிப் பாருங்க. ஊர்ப் பொதுக் கொளத்துல ஒரு உசுர வளத்து, வளத்துப் புடிச்சி விக்கறதே பாவம். இவ்ளோ உசுரு ஒரே நாள்ல போனது நமக்கு ஒரு எச்சரிக்கைன்னு நெனக்கறேன். இனிமே அந்தக் கொளத்துல மீனே வேணாம். ஜீவகாருண்யமா உட்டுடலாம்."

பலபேர் தலையாட்டினார்கள். நல்ல யோசனை, யாருக்கும் மனஸ்தாபம் இல்லை, யார்மேலும் பழி இல்லை. அதோடு குளத்தில் மீன் இல்லை என்றால் இனிமேல் எது செத்தாலும் மேலே மிதந்து காட்டிக்கொடுக்கவும் ஆள் இருக்காது. நத்தையும் தவளையும் யார் கண்ணில் படப்போகிறது? ஜெஸிமா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.   அவர் பொய் சொல்லியிருந்தாலாவது தர்மவதி தாங்கியிருப்பாள். அவள் காலையில் எழுந்து துணி கட்டி எதற்காகத் தண்ணீர் வடித்தாளோ அந்த வார்த்தையை எடுத்து, அதைக்கொண்டே ஒரு ஏழைக் குடும்பத்தை வெளியே தள்ளுகிறாரே என்றுதான் பொறுக்க முடியவில்லை.

"வளக்கறது பாவம்" என்றாள். சத்தமாகத்தான் வந்தது. "கொன்னது?"

எல்லோரும் திரும்பினார்கள். அந்தத் தாழ்வாரத்தில் பால் அளவு தவிர வேறே எதற்கும் பெண் குரல் கேட்டதில்லை.

"தர்மா, நீ சும்மா இரு" என்றார் அப்பாண்டைராஜ்.

"சும்மா இருந்துதான் இவ்ளோ தூரம் வந்திருக்குது. எங்க மடையிலேர்ந்துதான் போச்சு. ரெண்டு மருந்த ஒண்ணா கலக்கி அடிச்சி, அடிச்ச தண்ணிய அன்னிக்கே வடிச்சி உட்டது எங்க வூடு. தொரைக்கண்ணு இல்ல. இவரு தொறந்தாரு. காலைல கட்டவெரலால மூடுனாரு, நான் பாத்தேன்." மூச்சு வாங்கிக்கொண்டு இளையபெருமாள் பக்கம் திரும்பினாள். "எங்களது மட்டும்னு சொல்லல. உங்க கழனித் தண்ணி எங்க வழியாத்தான் எறங்குது. அங்க உக்காந்திருக்கறவங்க எல்லாருதும் எங்க வழியாத்தான். கோழிக்கழிவுன்னு சொன்னவங்கள்ல யாரு மருந்து அடிக்கல? கைய தூக்குங்க பாக்கலாம்."

கை எதுவும் மேலே வரவில்லை. யாரோ பீடியை அணைத்தார்கள். இளையபெருமாள் நாற்காலியில் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, வானிலை மாறின மாதிரி முகத்தை மாற்றிக்கொண்டு, "சரி, இந்தப் பசலி வருஷம் முடியற வரைக்கும் குத்தகை அப்டியே இருக்கட்டும். அப்புறமா பாத்துக்கலாம்" என்றார். மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னாரா? இல்லை. கூட்டம் கலைந்தது. அமீர் ஜான் போகும்போது தர்மவதியைப் பார்த்துத் தலையைத் தாழ்த்தினான். அப்பாண்டைராஜ் அவளுக்கு முன்னாலேயே வீட்டுக்குப் போய்விட்டார். அன்றையிலிருந்து போட்டதைச் சாப்பிட்டார், கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. ஊர்ப் பெண்கள் அவளைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். நைனாரம்மாவுக்குப் புருஷனைவிட மீன்காரி ஒசத்தியாகிவிட்டாள் என்று யாரோ சொன்னது அவள் காதுக்கும் வந்து சேர்ந்தது.

ஐப்பசி பிறந்ததும் அமீர் ஜான் புதுக் குஞ்சு கொண்டுவந்தான். காற்று அடைத்த பிளாஸ்டிக் பைகளில், டிவிஎஸ்ஸின் இரண்டு பக்கமும் கட்டித் தொங்கவிட்டு. பையைக் குளத்தில் கொஞ்ச நேரம் மிதக்கவிட்டு அப்புறம் வாயை அவிழ்த்தார்கள். விரல் நீளம்கூட இல்லாத குஞ்சுகள். ஜெஸிமா தர்மவதியைக் கூப்பிட்டு ஒரு பையை அவிழ்க்கச் சொன்னாள். "நான் எதுக்கும்மா" என்றாலும் அவிழ்த்தாள். அவை ஒரு நொடி பை வாயிலேயே தயங்கி நின்று, பிறகு மொத்தமாகத் தண்ணீருக்குள் போய் மறைந்தன.

"அக்கா, இது போச்சுன்னா மறுபடி எங்களால முடியாது" என்றாள் ஜெஸிமா. மூக்கால் அழவில்லை, சும்மா சொன்னாள். "செஞ்சில வேற எதுனா வேலதான் பாக்கணும்."

கதிர் வெளியே வருவதற்கு முன்னால் பயிர் பொதி கட்டுகிற பருவம். மறுபடி புகையான் வந்தது. துரைக்கண்ணு வரவில்லை, மங்கை அனுப்பமாட்டேன் என்றுவிட்டாள். வேறே ஆளும் கிடைக்கவில்லை. கடைசியில் அப்பாண்டைராஜ் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, வாழ்க்கையிலேயே முதல் தடவையாக டேங்கைத் தன் தோளில் மாட்டினார். தர்மவதி கிணற்று மேடையில் நின்று பார்த்தாள். பழக்கமில்லாத ஆள், பாரம் ஒரு பக்கமாக இழுத்தது. அவர் ஒரு தடவைகூட அவள் பக்கம் திரும்பவில்லை. அதே வாரத்தில் மேலே இளையபெருமாள் கழனியிலும் அடித்தார்கள், அதற்கு மேலேயும் அடித்தார்கள். காற்றே பூண்டு நாற்றமாக நாறியது.

அவர் டேங்கை இறக்கி வைத்துவிட்டு வீட்டுக்குப் போன கையோடு செஞ்சிக் கோட்டை மலைப் பக்கம் வானம் கறுத்தது. ராஜகிரி உச்சி மறைந்துபோனது. ஐப்பசி மழைக்கு முன்னறிவிப்பெல்லாம் கிடையாது, ஒரே கொட்டாகக் கொட்டியது. தர்மவதி வீட்டுக்கு ஓடவில்லை. கிணற்றடியில் கிடந்த உரச்சாக்குகளில் மண்ணை அள்ளிப் போட்டு இழுத்துக்கொண்டு மடைக்குப் போனாள். சாக்கை மடைவாயில் திணித்தாள், மேலே கல்லைப் போட்டாள், கல்லின் மேல் சேற்றை வாரி அப்பினாள். போதவில்லை. வரப்பு கரைகிற இடத்திலெல்லாம் வாரி வாரி அப்பினாள். தண்ணீர் அவள் கணுக்காலுக்கு வந்தது, முழங்காலுக்கு வந்தது. காலில் தோல் எரிந்தது.

கொஞ்ச நேரத்தில் அப்பாண்டைராஜ் மண்வெட்டியோடு வந்து வரப்பில் நின்றார்.

"தர்மா, வழிய உடு. மடையத் தொறக்கணும்."

"தொறக்க முடியாது."

"பயிரு முழுகுது பாரு! பொதி கட்டற பயிரு. ரெண்டு நாள் நின்னா அழுகிடும்."

"தெரியும்."

"தெரிஞ்சிகினா பண்ற? சோத்துக்கு இன்னா பண்ணுவ?"

"இன்னா பண்றதுன்னு தெரியல" என்றாள். உண்மையிலேயே தெரியவில்லை. "கீழ குஞ்சு இருக்குதுங்க. இந்த மாசந்தான் உட்டாங்க. இந்தத் தண்ணி போவக்கூடாது. மழ உட்டு, மருந்து கொஞ்சம் அடங்கற வரைக்கும் நம்ம கழனியிலயே நிக்கட்டும். நாம ஊத்துனது நம்மகிட்டயே இருக்கட்டுமே."

"நாம ஊத்துனதா?" அவர் மண்வெட்டியை மேல்பக்கம் நீட்டினார். மழைச் சத்தத்துக்கு மேலே கத்தினார். "மேல பாருடி! மேல பாரு!"

அவள் திரும்பிப் பார்த்தாள். இளையபெருமாள் கழனி வரப்பில் குடையோடு ஒரு ஆள் குனிந்து மடையைத் தட்டித் திறந்துகொண்டிருந்தான். அதற்கு மேல்கழனியிலும் ஒருவன். அதற்கும் மேலே இன்னொருவன். ஒவ்வொரு படியாகத் தண்ணீர் நுரைத்துக்கொண்டு இறங்கி வந்தது. எல்லோருடைய மருந்தும் எல்லோருடைய சேறும் வந்து நிற்பதற்கு மிச்சமிருந்தது இந்த ஒரு கழனிதான். பயிரின் நுனி மட்டும் இப்போது வெளியே தெரிந்தது.

தர்மவதி மடைவாயில் முதுகைக் கொடுத்து அப்படியே தண்ணீரில் உட்கார்ந்தாள். புடவை விரிந்து மிதந்தது. அப்பாண்டைராஜ் மண்வெட்டியை ஓங்கினபடி நின்றார். அதை எங்கே இறக்குவது என்று அவருக்குத் தெரியவில்லை, ஓங்கினதைக் கீழே விடவும் தெரியவில்லை. அவள் தோளுக்குப் பின்னால் சாக்கும் கல்லும் நெகிழ்வது முதுகில் தெரிந்தது. காலைச் சேற்றில் ஊன்றி இன்னும் அழுத்திச் சாய்ந்தாள்.

கீழே குளத்தில், மழைத்துளி விழுவதைத் தீனி என்று நினைத்துக்கொண்டு குஞ்சுகள் கும்பல் கும்பலாக மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.